கேள்வி கேட்காத மாதம்

முப்பத்தெட்டு சதவீதம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று பார்த்தா இந்த அப்டேட் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன், மனசுக்குள்தான். மனசுக்குள் கேட்பது கணக்கில் சேராது, வாயைத் திறந்து கேட்டால்தான் குற்றம். விதிகளை எழுதியவனே நான் என்பதால் எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். இருபத்து மூன்று நாளாக நான் யாரிடமும் எதையும் கேள்வியாகக் கேட்கவில்லை. டிவியில் எங்கள் வீடியோ கேம் பண்ணையின் படம் மங்கிப்போய் நிற்கிறது, அதன் குறுக்கே ஒரு நீலக் கோடு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. மடியில் கண்ட்ரோலர், முன்னால் ஸ்டூலில் ஆறிக்கொண்டிருக்கும் காபி, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். சுகந்தி குளிக்கிறாள். குளிக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். அவளுடைய போன் வழக்கமாகச் சார்ஜில் கிடக்கும் இடத்தில் ஒயர் மட்டும் தொங்குகிறது. குளிக்கப் போகிறவளுக்குப் போன் எதற்கு. குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் வெளியே ஒன்றும் கேட்காது, இது எனக்கே தோன்றுகிறதென்றால் அவளுக்குத் தோன்றாமல் இருக்குமா. முப்பத்தொன்பது. சுற்றி வளைப்பானேன், சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து என் மனைவி என்னை விட்டுப் போகப்போகிறாள். ஆதாரம் ஒன்றிரண்டு இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் வழியில்லை, கேட்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் நானே ஒட்டியிருக்கிறேன்.

சந்தேகப்படுவது என் பிழைப்பு. சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒருத்தன் ஒரு செயலியைக் கட்டி முடித்து, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைப்பான், அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆபீசில் இதற்குப் பாராட்டு கிடைக்கும், தயாளன் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது என்பார்கள். வீட்டில் சுகந்தி எனக்கு வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். எங்கே போனே, யாரு போன்ல, ஏன் லேட்டு, அவன் எதுக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சான், சாம்பார் ஏன் இன்னைக்கு வேற மாதிரி இருக்கு. ஒரு நாள் அவள் வேலைமெனக்கெட்டு எண்ணிப் பார்த்தாள், காலையிலிருந்து மாலைக்குள் நாற்பத்தொரு கேள்வி. மற்றபடி நான் ஒன்றும் மோசமானவன் இல்லை. குடி இல்லை, ஊர்சுற்றல் இல்லை. வீடியோ கேம் பிடிக்கும், கார்ட்டூன் படங்கள் பிடிக்கும், என்னையே எலியாக வைத்துச் சோதனை செய்து பார்ப்பது ரொம்பப் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு சோதனை. சர்க்கரை இல்லாத மாதம். எல்லாவற்றையும் இடது கையால் செய்யும் மாதம், அதில் பல் தேய்த்து ஈறு கிழிந்தது. நாற்காலியில் உட்காராத மாதம், அந்த மாதம் பார்த்து மச்சினிக்கு நிச்சயதார்த்தம், நான் மண்டபத்தில் தரையில் உட்கார, மூத்த மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார் என்று மாமனார் வீட்டில் பத்துப் பேர் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். சுகந்தி தூணுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது. நாற்பத்து நான்கு.

போன மாதக் கடைசியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அவள்தான் சொன்னாள், அடுத்த மாசம் யாரையும் ஒரு கேள்விகூடக் கேக்காம இருந்து காட்டு பாக்கலாம் என்று. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது, அன்றைக்கே விதிகளை எழுதிவிட்டேன். ஆபீஸ் மின்னஞ்சலுக்கு மட்டும் விலக்கு. முதல் வாரம் வேடிக்கையாகத்தான் போனது. ஓட்டலில் என்ன இருக்கிறது என்று கேட்கமுடியாமல், இருக்கிறதில் ஒன்றைக் கொண்டுவாங்க என்றேன், சாயந்திரம் ஆறு மணிக்குக் காலைப் பொங்கல் வந்தது. பேசாமல் சாப்பிட்டேன். வீட்டில் மழை வரும்போல இருக்கு, மாடியில் துணி நனையும்னு நினைக்கிறேன் என்று நூல் விட்டுப் பார்த்தேன். இதுவும் கேள்விதான், வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கு என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாவது வாரம்தான் உறைத்தது. ஏதாவது ஒன்று நடக்கும்போது அதனால் யாருக்கு லாபம் என்று பார்க்கவேண்டும், டெஸ்டிங்கில் வேறு மாதிரி சொல்வோம், விஷயம் இதுதான். நான் கேள்வி கேட்காமல் இருப்பதால் யாருக்கு லாபம். செவ்வாயும் வியாழனும் மத்தியானம் வேலைபார்க்கும் கார்ட்டூன் ஸ்டூடியோவில் பர்மிஷன் போட்டுவிட்டு எங்கோ போகிறவளுக்கு லாபம். அவளுடன் வேலைபார்க்கும் கல்பனா வாய் தவறிச் சொல்லித்தான் அதுவே எனக்குத் தெரியும். என் வாயை என் கையாலேயே தைக்க வைத்துவிட்டாள், நானும் வீரம் பேசி ஊசியை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு மாதம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள், எல்லாவற்றையும் ஒழுங்குபண்ணிக்கொண்டு கிளம்ப ஒரு மாதம் தாராளம்.

ஐம்பத்தொன்று. இந்தப் பண்ணையையே எடுத்துக்கொள்வோம். நாலு வருஷமாக ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை நாங்கள் இரண்டு பேரும் இதில்தான் விவசாயம் பார்க்கிறோம். யார் வந்தாலும் கதவைத் திறப்பதில்லை, அவள் அம்மாவே வந்து திரும்பிப் போயிருக்கிறார். நான் சுரங்கத்துக்குள் போய் இரும்பு, செம்பு எடுத்து வருவேன், அவள் தோட்டம் போடுவாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடது மூலையில், அவள் வைத்த மாந்தோப்பு இருந்தது. இரண்டு வருஷத்து வேலை, அதில் நிழலுக்கு எந்த மரம், பூவுக்கு எந்த மரம் என்று ஒரு ஓவியக்காரியின் கண்ணோடு வைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதை வெட்டிவிட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒவ்வொரு மரமாகக் கோடாலியால் வெட்டுகிறாள், கேட்கவும் முடியவில்லை. செடி, பெட்டி எல்லாவற்றையும் வீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நெருக்கி வைத்தாள். பாதையின் இரண்டு பக்கமும் விளக்கு நட்டாள். பெட்டிகளுக்கு மேல் பலகை மாட்டினாள். முன்பெல்லாம் பலகையில் குட்டிக் குட்டிப் படம் வரைவாள், விதைப் பெட்டிக்கு மூக்கில் விதை வைத்த குருவி, மீன் பெட்டிக்கு மீசை வைத்த பூனை. இப்போது படம் கிடையாது. கொட்டை எழுத்தில் விதை, உரம், மீன். யாருக்காக இந்த எழுத்து. எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. அப்படியென்றால் அவள் இல்லாதபோது நான் தேடக்கூடாது என்பதற்காக. போகிறவர்கள்தான் இப்படி எழுதி வைத்துவிட்டுப் போவார்கள், கேஸ் நம்பர் இது, பால்காரர் நம்பர் இது என்று. போன ஞாயிறு என்னோடு சுரங்கத்துக்கும் வந்தாள், இடது பக்கமிருந்து வௌவால் பறந்துவந்து கடிக்கிறது, கடிக்க விட்டுக்கொண்டு நிற்கிறாள். முன்பெல்லாம் எனக்குப் பின்னால் வருகிற வௌவாலையும் சேர்த்து அடிக்கிறவள். மனசு இங்கே இல்லை.

விளையாட்டில்தான் இப்படியென்றால் வீட்டிலும் அதே கதை. சமையலறையில் எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பா, எதில் ரவை எதில் உளுந்து என்பது பதினொரு வருஷமாக அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். போன வாரம் பார்க்கிறேன், எல்லாவற்றிலும் வெள்ளைக் காகிதம், கறுப்பு மார்க்கரில் உள்ளங்கை அகல எழுத்து. உப்பு. சர்க்கரை. ரவை. உப்பு டப்பாவைப் பார்த்து ஒருத்தனுக்கு அழுகை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். பீரோவில் அவளுடைய பழைய காகிதங்கள் வைத்த ஃபைலையும் காணோம். இதற்கு நடுவில், நீ மட்டும்தான் சோதனை பண்ணுவியா, நானும் ஒண்ணு பண்றேன் என்று ஆரம்பித்தாள். தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டே வேலை செய்வது. கண்ணை மூடிக்கொண்டு தலை வாருகிறாள், துணி மடிக்கிறாள், கல்லில் தோசை மாவைச் சுற்றுகிறாள், விரல் நுனியில் சுட்டுக்கொண்டு மறுபடி சுற்றுகிறாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், எங்கேயோ, யாரோடோ இருக்கிற மாதிரி ஒரு முகம். யாரை நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணை மூடுகிறாள். நேற்றுச் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தேன், சும்மா, சமாதானமாக. அவள் தட்டையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு பக்கத்தில் ஒருத்தன் சிரிப்பது தெரியாமலா போகும்.

அறுபத்தாறு. சனிக்கிழமை மத்தியானம் இன்னொரு வழக்கம் உண்டு. கையால் வண்ணம் தீட்டிய பழைய கார்ட்டூன் படம் ஏதாவது ஒன்றைப் போடுவோம், அவள் அங்கங்கே நிறுத்திப் பின்னணியைக் காட்டுவாள். படத்துக்குப் பின்னணி வண்ணம் தீட்டுவதுதான் அவள் தொழில். ஓடுகிற பூனையை எல்லாரும் பார்ப்பார்கள், பூனை ஓடுகிற சுவரை யாரோ உட்கார்ந்து மூன்று நாள் தீட்டியிருப்பார்கள் தயா, என்பாள். மரத்து நிழல் கறுப்பு இல்லை, உற்றுப் பார், ஊதா. எனக்கு நிழலைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இப்போது நிறுத்துவதே இல்லை. அதற்குப் பதில் கேள்வி கேட்கிறாள். அந்த ஓரத்துல ஏதாவது இருக்கா. அந்தக் கதவுக்குப் பக்கத்துல யாராவது நிக்கறாங்களா. வாழ்நாளில் கேள்வியே கேட்காதவள், எனக்கு வாய்ப்பூட்டு போட்ட மாதத்தில், வேண்டுமென்றே எதிரில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிற மாதிரி கேட்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு வந்தாள், முகத்தில் கறுப்புக் கண்ணாடி, அதைக் கழற்றாமலே உள்ளறைக்குப் போய் விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதிருக்கிறாள். எவனையோ பார்த்துவிட்டு வந்து அழுதிருக்கிறாள், இல்லையென்றால் எவனோ அழவைத்து அனுப்பியிருக்கிறான். எவனோ என்ன, பெயரே தெரியும். ஹென்றி. அவள் போன் மேஜைமேல் அதிர்ந்தபோது பார்த்துவிட்டேன், ஹென்றி, இரண்டு தடவை. அவள் வந்து எடுத்து, வந்துடறேன் சார், கண்டிப்பா வந்துடறேன் என்றாள். சார் என்றால் நான் நம்பிவிடுவேனா. கல்யாணத்துக்கு முன்னால் அதே ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் சரிபார்க்கப் போய்க்கொண்டிருந்த என்னையும் அவள் சார் என்றுதான் கூப்பிட்டாள்.

எழுபத்தொன்பது. தண்ணீர் நின்றுவிட்டது. இன்றைக்குக் கேட்டுவிடவேண்டியதுதான். போகட்டும் இருபத்து மூன்று நாள், கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி, யார் அவன். கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது. இதைத்தான் நான் யோசிக்காமல் வைத்திருக்கிறேன். ஆபீசில் ஒரு தவறைக் கண்டுபிடித்து எழுதிப் போட்டால் என் வேலை முடிந்தது, சரிசெய்வது வேறொருத்தன் பாடு. இங்கே வேறொருத்தன் இல்லை. இந்த வீட்டில் தனியாக நான் என்ன செய்வேன், ரவை எது என்று தெரியும், எழுதி வைத்திருக்கிறாள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன். ஞாயிறு பத்து மணிக்கு இரண்டாவது கண்ட்ரோலரை எங்கே வைப்பேன். பயமாக இருக்கிறது. இவ்வளவு நேரம் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பயம்தான். கேள்வி கேட்காமல் இருக்கிற வரைக்கும் அவள் போகவில்லை, அதுவரைக்கும் நாங்கள் இரண்டு பேர். ஒருவேளை இருபத்து மூன்று நாளாக நான் விதிக்குக் கட்டுப்பட்டு வாயை மூடவில்லையோ, இந்தப் பயத்தில்தான் மூடினேனோ என்னவோ. தொண்ணூற்றிரண்டு. கதவு திறந்தது, சந்தன சோப்பு வாசனை வந்தது. தலையில் துண்டோடு அவள் வந்தாள், இடது காலால் ஸ்டூலை இடித்தாள், காபி தளும்பி என் காலில் சிந்தியது. மன்னிப்புக்கூடக் கேட்காமல், அடிபட்ட விரலைத் தேய்த்துக்கொண்டு, சோபாவில் எப்போதும்போல எனக்கு வலது பக்கம் உட்கார்ந்து கண்ட்ரோலரை எடுத்தாள். திரை தெளிந்து பண்ணை வந்தது, சேவல் கூவியது.

விளையாடினோம். அப்டேட்டில் புதிதாக ஒரு வாத்து வந்திருந்தது, அது அவளுக்கு இடது பக்கத்தில் வந்து நின்று கத்தியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள். புது மிருகம் வந்தால் முதலில் பெயர் வைப்பவள் அவள். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன், யா என்ற எழுத்து நாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

“தயா, கொஞ்சம் நிறுத்து” என்றாள். நிறுத்தினேன். திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “மூணு வாரமா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருக்கேன்.”

வந்துவிட்டது என்று நினைத்தேன். கண்ட்ரோலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“என் இடது கண்ணு பாதிக்கு மேல போயிடுச்சு. வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு.”

அப்புறம் மளமளவென்று சொன்னாள், நான் நடுவில் எதுவும் கேட்காததால் நிற்காமல் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற வியாதியாம், வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னுமாம். ஸ்டூடியோவில் ஒரு பின்னணியைத் தீட்டி முடித்து அனுப்பியிருக்கிறாள், இடது மூலையில் கையகலத்துக்கு வண்ணமே இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. ஏதோ ஞாபகத்தில் விட்டுவிட்டாள் என்று அவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, அந்த மூலையை அவள் விடவில்லை, அது அவளுக்கு இல்லவே இல்லை. ஃபைலில் இருந்த பழைய கண்ணாடிச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஹென்றி அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மெஷினில் உட்காரவைக்கிறவர்.

“ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள முகத்தை வெச்சுக்கணும். அங்கங்க புள்ளியா வெளிச்சம் வரும், வந்தா பட்டனை அமுக்கணும். நம்ம கேம் மாதிரிதான் இருந்துச்சு. நல்லா ஆடினேன்னுதான் நினைச்சேன் தயா. ஹென்றி சார் பேப்பரைக் காமிச்சாரு, பாதி கறுப்பா இருக்கு. மூணு தடவை ஆடிட்டேன்.” கண்ட்ரோலரின் பட்டனைச் சும்மா இரண்டு தடவை அமுக்கினாள். “நீ ஒரு நாளைக்கு நாப்பது கேள்வி கேப்ப. எனக்கு ஒண்ணுத்துக்கும் பதில் தெரியாது. அதான் அப்படிச் சொன்னேன். நாளைக்குப் பெரிய டாக்டர் பாக்கறாரு. அவர் முன்னாடி உக்காந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது, தலையை ஆட்டிட்டு வந்துடுவேன். நீ வா. வந்து எல்லாத்தையும் நீ கேளு.”

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, ஆள் யாரும் இல்லை என்கிற நிம்மதி. இதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அவள் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்கிறாள், எனக்கு உடம்பு முழுக்க லேசாகிறது, ஒரு நொடி, அல்லது இரண்டு நொடி. அதற்குப் பிறகுதான் மற்றது வந்து இறங்கியது. மாந்தோப்பு, விளக்கு, உள்ளங்கை அகல எழுத்து, கண்ணை மூடிக்கொண்டு சுட்டுக்கொண்ட விரல். போவதற்கு அல்ல, இங்கேயே இருப்பதற்கு அவள் ஒத்திகை பார்த்திருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து நான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு என்னை அறையவேண்டும்போல இருந்தது. கேளு என்கிறாள், ஒரு கேள்வியும் வரவில்லை. வந்த ஒன்றும் அசிங்கமாக வந்தது, எனக்கு முன்னால் இது யாருக்கெல்லாம் தெரியும் என்று. அதை விழுங்கினேன், விதி எதுவும் இல்லாமலே விழுங்கினேன். அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையிலிருந்து ஒரு சொட்டு அவள் காதோரம் இறங்கியது. நான் அவளுக்கு இடது பக்கம், ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

“சுகந்தி, திரும்பாம சொல்லு. இங்க உக்காந்திருக்கும்போது நான் உனக்குத் தெரியறேனா?”

அவள் திரும்பவில்லை. “இல்லை” என்றாள்.

எழுந்தேன். டிவியை மறைத்துக்கொண்டு நடந்து அந்தப் பக்கம் போய், அவளுக்கு வலது பக்கத்தில், தோள் உரசுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

“இப்போ?” என்று கேட்டேன்.